சுவரும் சித்திரமும்

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பது பழமொழி. சித்திரம் ஒன்றாகத் தோன்றினும், அதனைத் தாங்கும் பரப்புப் பெரும்பாலும் பல துண்டுகளின் சேர்க்கையே ஆகும். திருவண்ணாமலை அருணாசலேசுவரர் திருக்கோயிலின் கருங்கற் சுவர்களை உற்று நோக்குவோர் இதனை எளிதில் உணர்வர். அங்குச் சோழர் காலம் முதலாகப் பொறிக்கப்பெற்ற கல்வெட்டுகள் உள்ளன. ஒரு கல்லில் தொடங்கும் வரி அடுத்த கல்லிற் சென்று முடிதல் உண்டு. கற்கள் கூடும் இடத்தில் வரி பிறழாதிருந்தால்தான் பொருள் விளங்கும்.

இக்காலத்தில் கடைகள், விடுதிகள், பள்ளிகள் ஆகியவற்றின் சுவர்களை மூடும் பெரிய படங்களுக்கும் இவ்விதி பொருந்தும். இவை தூரிகையால் எழுதப்படுவன அல்ல. வினைல் என்னும் மெல்லிய படலத்தில் அச்சிட்டு ஒட்டப்படுவன. வினைல் இயல்பில் விறைப்பானது. குழைவு தரும் பொருள்களைச் சேர்த்து, அதனைத் துணிபோல் வளையும் படலமாக்குவர். பின்புறத்தில் பசை பூசியிருப்பர். அச்சுப்பொறியின் அகலத்திற்கு ஓர் எல்லை உண்டு. சுவருக்கோ அவ்வெல்லை இல்லை. ஆதலின், படத்தை நெடும்பட்டைகளாகப் பிரித்து அச்சிட்டுச் சுவரில் ஒன்றுசேர்ப்பர்.

இங்கே கணக்கறிவு முதலில் வேண்டும். சுவரின் அகலம் 45 அடி, அதாவது 540 அங்குலம் என்க. ஒரு பட்டையின் அகலம் 54 அங்குலமாயின், பத்துப் பட்டைகள் போதும் என்று தோன்றும். ஆனால், வினைல் நாளடைவில் சிறிது சுருங்கும் இயல்புடையது. விளிம்போடு விளிம்பை வைத்து ஒட்டினால், இடையே சுவர் வெளித்தெரியும். எனவே, ஒரு பட்டையின் மீது அடுத்த பட்டை ஓர் அங்குலம் ஏறியிருக்குமாறு ஒட்டுவர். பத்துப் பட்டைகளுக்கு இடையே ஒன்பது பொருத்துகள் உள்ளன. ஆகவே, ஒன்பது அங்குலம் குறைந்து 531 அங்குலமே மூடப்படும். பதினோராம் பட்டையும் தேவை என்பதை முன்னரே அறியாதவன், வேலை முடியும் தறுவாயில் திகைத்து நிற்பான்.

அடுத்தது வண்ணம். அச்சுப்பொறி சில வேளைகளில் ஒரு புறம் சற்று அடர்த்தியாகவும், மறுபுறம் சற்று வெளிறியும் அச்சிடும். தனிப்பட்டையில் இவ்வேறுபாடு தெரியாது. அடர்ந்த விளிம்பும் வெளிறிய விளிம்பும் அருகருகே சேர்ந்தால் கோடுபோல் தெரியும். இதற்குத் தொழில் வல்லார் ஓர் உபாயம் கண்டுள்ளனர். ஒன்றுவிட்டு ஒன்றாகப் பட்டைகளைத் தலைகீழாக அச்சிடுவர். அவற்றை நிமிர்த்தி ஒட்டும்போது அடர்ந்த விளிம்போடு அடர்ந்த விளிம்பும், வெளிறியதோடு வெளிறியதும் சேரும். முகமும் எழுத்தும் பொருத்தில் விழாதபடி பிரிப்பதும் அவர் வழக்கம்.

ஒட்டும் வேலையில் முதற்பட்டையே தலையாயது. கொத்தனார் போலத் தூக்குக்குண்டு கட்டி நேர்க்கோடு பார்த்த பின்னரே அதனை ஒட்டுதல் வேண்டும். அது நூலிழை சாய்ந்தாலும் பின்வரும் பட்டைகள் யாவும் சாயும். முதற்கோணல் முற்றுங்கோணல் ஆகும். வெளிச்சுவரில் மேலும் கீழுமாகப் பட்டைகள் சேர நேர்ந்தால், மேற்பட்டை கீழ்ப்பட்டையின் மீது ஏறியிருத்தல் வேண்டும். ஓட்டுக் கூரையில் மேலோடு கீழோட்டின் மீது படிந்து மழைநீரை வழியச் செய்வது போல்வதே இம்முறை. சுவரும் தூய்மையாக இருத்தல் வேண்டும். தொட்டால் கையில் ஒட்டும் சுண்ணாம்பின்மேல் ஒட்டிய படம் சுவரைப் பற்றாது. அச்சுண்ணாம்புத் தூளைப் பற்றிக்கொண்டு உரிந்து விழும்.

எல்லாச் சுவரும் ஒட்டுவதற்கு உரியன அல்ல. பழங்காரைச் சுவரில் ஒட்டியதைப் பிரித்தால் காரையும் உடன் பெயர்ந்து வரும். கல்வெட்டின் பள்ளங்களில் பசை புகுந்தால், பல நூற்றாண்டுகள் வெயிலையும் மழையையும் தாங்கிநின்ற எழுத்து ஒரு நாளில் மறையக்கூடும். பொது இடங்களின் அழகை விளம்பரங்களால் கெடுப்பதைத் தடுக்க, அன்றைய சென்னை மாநிலத்தில் 1959ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டது. மேலும், வினைல் மட்கி மண்ணாவதில்லை. எரித்தாலோ நச்சுப்புகை எழும். ஆகவே, கழித்த படங்களைக் கண்ட இடத்தில் எறிதலும் கொளுத்துதலும் தகா.

திருவண்ணாமலைக்குப் பௌர்ணமிதோறும் கிரிவலம் வரும் மக்கள் மிகப் பலர். அத்தகைய ஊரில் வழியும் நீர்நிலையும் காட்டும் படம், உரிய சுவரில் செம்மையாக அமைந்தால் பெரும்பயன் விளைக்கும். பொருத்துத் தெரியாமல் இணைப்பவன் திறமையுடையவன். எச்சுவரைத் தொடலாகாது என்பதையும் அறிந்தவனே அறிவுடையவன். கல்லைப் பொருத்தியவர்கள் தம் காலத்துச் செய்தியைச் சிதையாமல் நமக்குத் தந்தனர். அதனை மறைக்காமல் அடுத்த தலைமுறைக்குத் தருவது இன்றுள்ளோர் கடமையாகும்.