இருபதில் எட்டு

பேட்டையில நின்னு "கோல்ஃப் ஆட வாரியா?"ன்னு கேட்டா, "ஏல, கிரிக்கெட் ஆடவே இடம் இல்ல"ன்னுதான் பதில் வரும். பரவாயில்ல, படிங்க. கோல்ஃப் மட்டையைத் தொடாதவங்களுக்கும் இதுல ஒரு பாடம் இருக்கு.

முதல்ல அடிப்படை. நல்ல ஆட்டக்காரர் எத்தனை அடியில் பந்தைக் குழிக்குள் போடுவார் என்ற கணக்குதான் 'பார்'. 18 குழிக்கும் சேர்த்து பெரும்பாலும் 72. நம்மளைப் போல சாதாரண ஆட்டக்காரருக்கு, பாரை விட எத்தனை அடி கூடுதலா ஆகலாம்னு காட்டும் எண் 'ஹேண்டிகேப்'. 2020-ல் வந்த உலக ஹேண்டிகேப் முறைப்படி, கடைசி 20 ஆட்டங்களில் சிறந்த 8-ஐ மட்டும் எடுத்து சராசரி போடுறாங்க.

இங்கதான் விஷயம். மீதி 12 ஆட்டம் அந்தச் சராசரியில் வரவே வராது. அதனால ஹேண்டிகேப் 18 உள்ளவர் "எனக்கு 72 + 18 = 90 வரணும்"னு தினமும் எதிர்பார்த்தா, பெரும்பாலான நாள் ஏமாந்துதான் வீட்டுக்குப் போவார். அவர் ஆட்டம் கெட்டுப் போகல. அந்த எண் அவரோட நல்ல நாட்களைக் காட்டுது, அவ்வளவுதான்.

அடுத்தது தூரம். கொடைக்கானல் கோல்ஃப் கிளப் 1895-ல் தொடங்கியது. 2,000 மீட்டருக்கு மேல் உயரம் என்பதால் அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தை விட சுமார் 20% குறைவு. இழுவிசை குறையும், பந்து கூடுதல் தூரம் போகும். அங்கே அடிச்ச தூரத்தை மனசுல வச்சுக்கிட்டு சென்னை நந்தனம் மைதானத்துல அதே மட்டையை எடுத்தா, பந்து முன்னாடியே விழும். உதாரணத்துக்கு, குளத்தைத் தாண்ட 140 யார்டு வேணும். உங்க மட்டை ஒரே ஒரு தடவை 150 போச்சு, வழக்கமா 135தான். அப்போ பெரிய மட்டையை எடுங்க.

மூணாவது, சிக்கல்ல இருந்து வெளியே வர்றது. பந்து மரங்களுக்கு நடுவுல கிடக்கு. சந்து வழியா அடிச்சா பத்துக்கு மூணு தடவை ஒரு அடி மிச்சம், ஏழு தடவை ஒரு அடி நஷ்டம்னு வைங்க. 0.3 − 0.7 = −0.4. பக்கவாட்டுல தட்டி வெளியே எடுக்குறதுதான் லாபம்.

பெரிய ஆட்டக்காரர்களும் இதுல சறுக்கியிருக்காங்க. 1999 பிரிட்டிஷ் ஓப்பன், கார்னூஸ்டி. கடைசிக் குழி பார் 4. பிரான்ஸின் ஜான் வான் டி வெல்டே 6 அடியில் முடிச்சாலே கோப்பை அவருக்கு. பத்திரமா ஆடாம டிரைவரை எடுத்தார். அதுல தப்பிச்சும் அடுத்த அடியில கிரீனை நோக்கியே அடிச்சார். பந்து பார்வையாளர் மாடத்துல பட்டுத் திரும்பி புதருக்குள்ள விழுந்தது. அங்கிருந்து ஓடைக்குள்ள. மொத்தம் 7. பிளே-ஆஃபில் பால் லாரி ஜெயிச்சார்.

இப்போ நம்ம செமஸ்டருக்கு வாங்க. பார்ட் பி-யில 13 மார்க் கேள்வி, (அ) அல்லது (ஆ). ஒண்ணுல 9 உறுதி. இன்னொண்ணு, ஒரே ஒரு ராத்திரி சரியா வந்த டெரிவேஷன். வந்தா 13, பாதியில நின்னா 3. ஹால்ல உக்காந்து முடிவெடுக்க வேண்டாம். இதுவரை எழுதின டெஸ்ட் மார்க்கை எல்லாம் இன்னைக்கே ஒரு தாளில் எழுதுங்க. நல்லா வந்த எட்டை மட்டும் இல்ல, மறந்துட்ட அந்தப் பன்னிரண்டையும் சேர்த்து. அதைப் பார்த்துட்டு திட்டம் போடுங்க.