புறம்போக்கில் பூக்கும் மரமும் பந்தலில் காய்க்கும் கொடியும்

பந்தலில் பூக்கள் நிறைந்திருந்தும் பிஞ்சுகள் மஞ்சளித்து உதிர்வதைக் காணும்போது, உரத்தையும் நீரையும் பற்றியே நாம் முதலில் எண்ணுகிறோம். அவை யாவும் சரிவர இருந்தும் காய் பிடிக்கவில்லையெனில், குறை தோட்டத்திற்கு வெளியே, ஊர்ப் பொது நிலத்தில் இருத்தல் கூடும். இதனைப் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயிகளும் அறிந்துகொள்ளுதல் அவசியம்.

மகரந்தம் சுமப்போர்

நெல், சோளம், கம்பு முதலிய தானியங்கள் தம் மகரந்தத்தாலோ காற்றின் உதவியாலோ மணி பிடிக்கின்றன. பூசணி, வெள்ளரி, பாகல் போன்ற கொடிகளின் நிலை வேறு. இவற்றில் ஆண் பூ தனி, பெண் பூ தனி. பிசுபிசுப்பான மகரந்தத்தைக் காற்று எடுத்துச் செல்வதில்லை. பூசணிப் பூ விடியலில் மலர்ந்து நண்பகலுக்குள் மூடிக்கொள்கிறது. அச்சில மணி நேரத்தில் தேனீ வாராவிடில் அப்பிஞ்சு வீணாகும். பீர்க்கும் சுரையும் மாலையில் மலர்வதால் இரவில் பறக்கும் அந்துப்பூச்சிகளும் அவற்றிற்குத் துணையாகின்றன. கத்தரிப் பூவின் மகரந்தப் பை நுனியில் சிறு துளை மட்டுமே உண்டு. பூவைப் பற்றித் தன் உடலை அதிரச் செய்து மகரந்தத்தை உதிர்க்க வல்லது, மரத்தைத் துளைத்து வாழும் பெரிய கருந்தேனீ.

உலகின் முக்கிய உணவுப் பயிர் வகைகளில் நான்கில் மூன்று பங்கிற்கு மேற்பட்டவை ஓரளவேனும் இத்தகைய உயிர்களைச் சார்ந்துள்ளன என்று 2016ஆம் ஆண்டில் வெளியான பன்னாட்டு மதிப்பீட்டறிக்கை கூறுகிறது.

பட்டினி மாதங்கள்

தோட்டப்பயிர் சில வாரங்களே பூக்கும். தேனீக்கோ ஆண்டு முழுவதும் உணவு வேண்டும். கன்னியாகுமரி மாவட்டத்தில் தேனீ வளர்ப்போர் இதனை நன்கறிவர். ரப்பர் மரம் புதிய இலை விடும் பருவத்தில் அவ்விலைக் காம்பில் சுரக்கும் இனிய நீரால் அங்கே தேன் மிகுகின்றது. அப்பருவம் கழிந்து உணவு குன்றும் மாதங்களில், சர்க்கரைப் பாகு ஊட்டியே பெட்டித் தேனீக்களைக் காப்பாற்றுகின்றனர். மரப் பொந்திலும் மண் வளையிலும் வாழும் தேனீக்களுக்குப் பாகு ஊட்டுவார் யார்? பொது நிலத்துப் பூக்களே அவற்றைக் காக்க வேண்டும்.

இங்கே ஒரு குறையைச் சுட்டிக்காட்ட விரும்புகிறோம். மரம் நடும் விழாக்களில் பெரும்பாலும் வேம்பும் புங்குமே நடப்படுகின்றன. இரண்டும் சிறந்த மரங்களே. ஆயினும் இரண்டும் கோடையை ஒட்டிப் பூப்பவை. அவை மட்டும் இருக்கும் ஊரில் பங்குனி, சித்திரையில் தேனீக்களுக்கு விருந்து. ஆவணி, புரட்டாசியில் பட்டினி. ஆகவே எத்தனை மரம் நட்டோம் என்பதோடு, எந்த மாதத்திற்கான மரத்தை நட்டோம் என்பதையும் கணக்கிட வேண்டும்.

மாசி முதல் வைகாசி வரை இலுப்பை, வேம்பு, புங்கு, நாவல் ஆகியவை பூக்கும். அதையொட்டிப் புளி பூக்கும். மழைக்காலத்தை ஒட்டிக் கருவேலும் இலந்தையும் பயன்படும். மார்கழி, தை மாதங்களில் ஆவாரையும் தும்பையும் உண்டு. தென்னை, துளசி, பூவரசு ஆகியவை ஆண்டின் பெரும்பகுதியில் பூக்கும். இடத்திற்கேற்பப் பருவம் சற்று முன்பின்னாகும்.

பஞ்சாயத்துகள் செய்ய வேண்டுவன

முதலாவதாக, ஓராண்டுக் காலம் மாதம் ஒருமுறை பொது நிலங்களைச் சுற்றிப் பார்த்து, எங்கே எது பூத்திருக்கிறது என்பதை ஒரு நோட்டில் குறித்து வருதல் வேண்டும். பூ இல்லாத மாதம் எதுவோ, அதற்குரிய மரமே அவ்வூருக்கு முதல் தேவை.

இரண்டாவதாக, இடமறிந்து நடுதல் வேண்டும். குளத்தோரத்தில், கரையையும் மதகையும் விட்டு விலகி, நாவலும் மருதும் வைக்கலாம். சாலையோரத்திற்குப் புளி, வறண்ட புறம்போக்கிற்கு இலந்தையும் ஆவாரையும், பள்ளி வளாகத்திற்கு முருங்கையும் துளசியும் ஏற்றவை. கொடுக்கில்லாக் கொசுத்தேனீ சில நூறு மீட்டர் தூரமே பறக்கும். ஆதலின் ஒரே தோப்பாக நடுவதிலும் ஊரைச் சுற்றிப் பரவலாக நடுவது நன்று.

மூன்றாவதாக, சீமைக்கருவேலை அகற்றும்போது முறை தேவை. நீரையும் நிலத்தையும் கெடுக்கும் அம்மரம் போக வேண்டுவதே. எனினும் அதன் பூவையும் தேனீக்கள் நாடுகின்றன. பகுதி பகுதியாக வெட்டி, வெட்டிய இடத்தில் உடனுக்குடன் நாட்டு மரங்களை நட்டு வந்தால் இடையில் உணவு அறாது.

நான்காவதாக, குடியிருக்க இடம் விட வேண்டும். தனித்து வாழும் தேனீக்களுள் பெரும்பாலானவை மண்ணில் வளை தோண்டுபவை. எவருக்கும் இடையூறின்றி நிற்கும் பட்ட மரம், பொந்துள்ள பழைய மரம், கொத்தாத வரப்பு ஆகியவற்றை விட்டு வைப்பது நலம். பாதையோரத் தும்பையைக் களைக்கொல்லியால் கருக்காமல், பூத்து ஓய்ந்தபின் அறுத்தால் போதும்.

விவசாயிகளின் பங்கு

பஞ்சாயத்து நட்டு வளர்த்தாலும், விவசாயி காலை வேளையில் நஞ்சு தெளித்தால் பயனில்லை. பூத்திருக்கும் பயிருக்கு மருந்தடிப்பதைத் தவிர்த்தல் வேண்டும். தவிர்க்க இயலாதபோது, தேனீக்கள் கூடு திரும்பிய மாலைக்குப் பின்னரே தெளிக்க வேண்டும்.

மே 1ஆம் நாள் கூடும் கிராம சபையில் மரங்களைத் தேர்ந்து நாற்றங்காலுக்கு ஏற்பாடு செய்தால், அக்டோபர் 2ஆம் நாள் கூட்டத்தை அடுத்து வரும் பருவமழையில் கன்றுகளை நட்டுவிடலாம். ஆடு மாடு கடியாதபடி முள்வேலியும், முதல் இரு கோடைகளில் தண்ணீரும் கட்டாயம் வேண்டும். புளியும் இலுப்பையும் பூக்க ஆண்டுகள் பல ஆகும்; துளசியும் முருங்கையும் ஓராண்டிற்குள்ளேயே பூக்கத் தொடங்கும். இரண்டையும் ஒருங்கே நடும் ஊரில் வரும் ஆண்டின் பந்தலுக்கும் உதவி கிட்டும். அடுத்த தலைமுறையின் தோட்டத்திற்கும் தேனீக்கள் மிஞ்சும்.