ஒரே கோப்பு இரண்டு முறை வர வேண்டாம்



உங்கள் கடிதத்தை நிதானமாகப் படித்தேன். பயிற்சி மையத்தில் மாலை வகுப்பு முடிந்தபின் சும்மா நிற்கும் ஆறு கணினிகளையும் செர்ன் ஆய்வகத்தின் 'எல்எச்சி அட் ஹோம்' திட்டத்துக்குக் கொடுத்திருக்கிறீர்கள். மனசு நிறைந்தது. ஆனால் ஆறும் ஒன்றாக வேலையை ஆரம்பித்தால் பிராட்பேண்ட் திணறுகிறது, சில வேலைகள் பாதியிலேயே பிழை காட்டி நின்றுவிடுகின்றன, இரண்டு மூன்று கணினிகளை விலக்கிக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். விலக்க வேண்டாம். மூலையில் கிடக்கும் ஒரு பழைய கணினியைத் துடைத்து எடுத்து, இந்த ஆறுக்கும் இணையத்துக்கும் நடுவில் உட்கார வையுங்கள். இதே சிக்கல் பலருக்கும் இருப்பதால் பதிலைப் பொதுவிலேயே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. உங்கள் கணினிகளிடம் எந்தக் குறையும் இல்லை. சும்மா நிற்கும் கணினியை ஆராய்ச்சிக்குக் கொடுக்கும் தன்னார்வக் கணிமை என்ற இந்த ஏற்பாட்டின் சுமைதான் இடம் மாறிவிட்டது. 1999 மே மாதம் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் வேற்றுலக அறிவுயிர்களைத் தேடும் 'செட்டி அட் ஹோம்' திட்டத்தைத் தொடங்கியபோது, ஒரு வேலைக்கு வந்த தரவு ஏறக்குறைய 340 கேபி. டயல்-அப் மோடத்துக்கே அது சின்ன விஷயம். அரேசிபோ தொலைநோக்கி பதிவு செய்த ரேடியோ அலையின் ஒரு துண்டை வாங்கிக்கொண்டு, கணினி மணிக்கணக்கில் அலசும். அங்கே தரவு கொஞ்சம், கணக்கு ஏராளம். வேலைகளை வாங்கிச் செய்து முடிவை அனுப்பும், அதே பெர்க்லியில் உருவான பாயின்க் மென்பொருள்தான் இன்று உங்கள் கணினிகளிலும் ஓடுகிறது. 2004-இல், செர்ன் தன் ஐம்பதாவது ஆண்டைக் கொண்டாடிய சமயத்தில் தொடங்கிய எல்எச்சி அட் ஹோமும் முதலில் இதே இயல்போடுதான் இருந்தது. சிக்ஸ்ட்ராக் என்ற நிரல், எல்எச்சி என்ற துகள் மோதுவியின் 27 கிலோமீட்டர் வளையத்துக்குள் அறுபது துகள்களை லட்சம் சுற்று, பத்து லட்சம் சுற்று ஓட்டிப் பார்த்து, கற்றை நிலையாக இருக்கிறதா என்று சொல்லும். நிரலும் சிறியது, தரவும் சிறியது.

இன்று உங்களுக்கு வரும் 'அட்லஸ்', 'தியரி' வேலைகள் வேறு ரகம். புரோட்டான்கள் மோதும்போது என்னென்ன துகள்கள் தெறிக்கும் என்பதை பித்தியா, ஹெர்விக், ஷெர்பா போன்ற நிரல்கள் கணிக்கின்றன. அந்தத் துகள்கள், மோதலைப் பதிவு செய்யும் அட்லஸ் போன்ற உணர்கருவியின் அடுக்குகளை ஊடுருவும்போது என்ன நடக்கும் என்பதை ஜியன்ட்4 கணிக்கிறது. பல ஆண்டுகளாக ஆராய்ச்சியாளர்கள் எழுதிச் சேர்த்த மென்பொருள் மலை அது. முழுவதையும் ஒரு கணினியில் இறக்கி வைப்பது நடக்காத காரியம். ஒரு வேலைக்கு அதில் சிறு பகுதிதான் தேவைப்படும், எந்தப் பகுதி என்பது ஓட ஆரம்பித்த பிறகுதான் தெரியும்.

இதற்கு செர்ன் கண்ட வழிதான் சிவிஎம்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை. உங்கள் கணினிக்கு முழு மென்பொருளும் உள்ளேயே இருப்பதுபோலத் தோன்றும். நிரல் ஒரு கோப்பைத் திறக்கும் அந்த நொடியில்தான் அது சர்வரிலிருந்து வரும். ஒரு அட்லஸ் வேலை தொடங்கும்போது இப்படி ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் வரிசைகட்டி வருகின்றன. உணர்கருவியின் அளவுத்திருத்தம் போன்ற தகவல்களை 'ஃபிரான்டியர்' என்ற இன்னொரு ஏற்பாடு தரவுத்தளத்திலிருந்து கேட்டு வாங்கித் தருகிறது. உங்கள் ஆறு கணினிகளும் கேட்பது பெரும்பாலும் ஒரே கோப்புகளை, ஒரே தகவல்களை. ஆறு பேரும் தனித்தனியே கேட்கிறார்கள், ஆறு முறையும் அவை உங்கள் இணைப்பு வழியே வருகின்றன.

அதோடு, கணினிக்குள் மெய்நிகர் கணினியை உருவாக்கும் விர்ச்சுவல்பாக்ஸ் வழியாக நீங்கள் ஓட்டுகிறீர்கள். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு மெய்நிகர் கணினி புதிதாகப் பிறக்கிறது, வேலை முடிந்ததும் மறைகிறது. நடுவில் அது சேமித்து வைத்த கோப்புகளும் அதோடு போய்விடுகின்றன. அடுத்த வேலைக்குப் பிறக்கும் மெய்நிகர் கணினிக்கு முந்தையது என்ன வாங்கியது என்று தெரியாது. அதனால் ஒரே கணினி மட்டும் வைத்திருப்பவருக்குக்கூட, தொடர்ந்து வேலை வாங்கினால், வாங்கியதைப் பிடித்து வைத்துத் தரும் ஒரு கேஷ் நடுவில் இருப்பது பலன் தரும்.

அடுக்ககத்தில் வீட்டுக்கு வீடு தனித் தண்ணீர் லாரியா வரவழைக்கிறோம்? ஒரு லாரி வந்து கீழ்த்தொட்டியை நிரப்பினால் எல்லா வீட்டுக்கும் குழாயில் வந்துவிடுகிறது. நான் சொன்ன பழைய கணினியில் அந்தத் தொட்டி வேலையைச் செய்வதுதான் கேஷிங் ப்ராக்ஸி. இந்தக் காரியத்துக்கு உலகெங்கும் பயன்படுவது ஸ்க்விட் என்ற இலவச மென்பொருள். தொண்ணூறுகளின் நடுவில் ஹார்வெஸ்ட் என்ற ஆய்வுத் திட்டத்திலிருந்து பிரிந்து வளர்ந்தது, இன்றும் உழைத்துக்கொண்டிருக்கிறது.

நடுவில் ஒரு கணினி கோப்பைப் பிடித்து வைத்துத் தருகிறது என்றால், அது சரியான கோப்புதானா என்று யார் பார்ப்பது? எனக்கு இந்த ஏற்பாட்டில் மிகவும் பிடித்த இடமே இதுதான். சிவிஎம்எஃப்எஸ் கோப்பை அதன் பெயர் சொல்லிக் கேட்பதில்லை. கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட நாற்பது எழுத்துக் கைரேகையைச் சொல்லித்தான் கேட்கிறது. வந்த கோப்பின் கைரேகையைத் தானே மறுபடி கணக்கிட்டுப் பார்க்கிறது. ஒரு பிட் மாறியிருந்தாலும் பொருந்தாது, தள்ளிவிடும். எந்தக் கோப்புக்கு எந்தக் கைரேகை என்று சொல்லும் பட்டியல்களுக்கும் கைரேகை உண்டு. அவற்றின் உச்சியில் இருக்கும் ஒரு சிறு கோப்பு டிஜிட்டல் கையொப்பத்தோடு வருகிறது. ஆகவே கோப்பு ஜெனிவாவிலிருந்து வந்ததா, பிரிட்டனின் ரூதர்ஃபோர்ட் ஆப்பிள்டன் ஆய்வகத்திலிருந்து வந்ததா, உங்கள் மேசைக்கு அடியில் இருக்கும் பழைய பெட்டியிலிருந்து வந்ததா என்பது ஒரு பொருட்டே இல்லை. நம்பிக்கை அனுப்பியவரிடம் இல்லை, பொருளிலேயே இருக்கிறது. இதனால்தான் பூட்டிய எச்டிடிபிஎஸ் இல்லாமல் சாதாரண எச்டிடிபியிலேயே இவை தைரியமாகப் பயணம் செய்கின்றன. நடுவில் இருப்பவர் பிடித்து வைக்கவும் முடிகிறது. உள்ளடக்கம் மாறினால் கைரேகையும் மாறிவிடும் என்பதால், ஒருமுறை பிடித்த கோப்பு பழசாகிப்போகுமோ என்ற கவலையும் இல்லை.

இனி வேலைக்கு வருவோம். 4 ஜிபி ராம் உள்ள பழைய கணினி போதும். டெபியனோ உபுண்டுவோ போட்டு ஸ்க்விட்டை நிறுவுங்கள். ரவுட்டரில் சொல்லி அதற்கு மாறாத ஐபி முகவரி ஒன்று கொடுங்கள், உதாரணமாக 192.168.1.10. ஸ்க்விட் கேட்கும் போர்ட் 3128. வைஃபை வேண்டாம், கேபிளில் இணையுங்கள்.

நிறுவியவுடன் எல்லாம் ஆகிவிட்டதென்று பலர் நினைத்துவிடுகிறார்கள். ஸ்க்விட்டின் இயல்பு அமைப்பில் டிஸ்க் கேஷே கிடையாது. 256 எம்பி ராமில் சிறு கோப்புகளை மட்டும் பிடித்து வைக்கும், டிஸ்க் கேஷ் சேர்த்தாலும் 4 எம்பிக்கு மேற்பட்ட கோப்பை வைத்துக்கொள்ளாது. இந்த வேலைக்கு அது போதாது. அமைப்புக் கோப்பைத் திறந்து, டிஸ்க்கில் 50,000 எம்பி இடம் ஒதுக்குங்கள். கோப்பின் உச்ச அளவை 1024 எம்பி ஆக்குங்கள். ராமில் வைக்கும் கோப்பின் உச்ச அளவு 128 கேபி இருக்கட்டும். சிறு கோப்புகள் ராமிலும் பெரியவை டிஸ்க்கிலும் இருப்பதே நல்லது. ஒரு நுணுக்கம்: கோப்பின் உச்ச அளவைச் சொல்லும் வரி, டிஸ்க் கேஷைச் சொல்லும் வரிக்கு முன்னால் இருக்க வேண்டும். பின்னால் போட்டால் ஸ்க்விட் பழைய 4 எம்பி வரம்பையே வைத்துக்கொள்ளும், பிழை என்று எதையும் சொல்லாது. டிஸ்க் கேஷின் ஒவ்வொரு ஜிபிக்கும் 10 முதல் 14 எம்பி வரை ராம் செலவாகும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

'கொலாப்ஸ்டு ஃபார்வர்டிங்' என்ற வசதியைக் கட்டாயம் இயக்குங்கள். ஆறு கணினிகளும் ஒரே நொடியில் ஒரே கோப்பைக் கேட்டால், ஸ்க்விட் வெளியே ஒரு முறை மட்டும் கேட்டு, வந்ததை ஆறுக்கும் பிரித்துக் கொடுக்கும். உங்கள் மையத்தில் மாலையில் எல்லாம் ஒன்றாக ஆரம்பிப்பதால் இது உங்களுக்கென்றே அமைந்ததுபோல இருக்கும்.

யார் உள்ளே வரலாம் என்பதில் கறாராக இருங்கள். உங்கள் உள் நெட்வொர்க் முகவரிகளுக்கு மட்டும் அனுமதி, மற்ற எல்லாருக்கும் மறுப்பு, இந்த வரிசையில். ரவுட்டரில் 3128-ஐ வெளியுலகுக்கு ஒருபோதும் திறந்துவிடாதீர்கள். திறந்த ப்ராக்ஸியைத் தேடிக்கொண்டே இருப்பவர்கள் உண்டு. அவர்கள் செய்யும் அக்கிரமம் எல்லாம் உங்கள் முகவரியில் பதிவாகும்.

பிறகு ஒவ்வொரு கணினியிலும் பாயின்க் மேனேஜரின் 'ஆப்ஷன்ஸ்' பகுதியில் எச்டிடிபி ப்ராக்ஸி என்ற இடத்தில் அந்த ஐபியையும் போர்ட்டையும் கொடுங்கள். மெய்நிகர் கணினிகள் அதைப் பாயின்க்கிடமிருந்து தாமே தெரிந்துகொள்ளும். லினக்ஸில் விர்ச்சுவல்பாக்ஸ் இல்லாமல் நேரடியாக ஓட்டுவதாக இருந்தால், சிவிஎம்எஃப்எஸ்-இன் உள்ளூர் அமைப்புக் கோப்பிலும் ப்ராக்ஸி முகவரியை எழுத வேண்டும். முகவரிக்குப் பின் அரைப்புள்ளி போட்டு 'டைரக்ட்' என்று சேர்த்தால், ப்ராக்ஸி படுத்துவிட்டாலும் நேர்வழியில் போய்க்கொள்ளும். மின்தடை ஏற்பட்டு எல்லாம் மறுபடி எழும்போது ப்ராக்ஸி கணினி முதலில் எழட்டும்.

பலன் தெரிகிறதா என்று பார்க்க ஸ்க்விட்டின் ஆக்சஸ் லாகைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு வேலையைத் தொடங்குங்கள். வரிகள் சரசரவென்று ஓடும். பெரும்பாலான முகவரிகளில் 'டேட்டா' என்ற சொல்லுக்குப் பின் இரண்டு எழுத்து, ஒரு சாய்கோடு, பிறகு முப்பத்தெட்டு எழுத்து. நாற்பது எழுத்துக் கைரேகை அதுதான். கடைசியில் ஒட்டிக்கொண்டு ஒரு 'சி' இருந்தால் அது பட்டியல். முதல் வேலையில் வரிக்கு வரி 'டிசிபி மிஸ்' என்றிருக்கும், அதாவது கையில் இல்லை, வெளியே போய் வாங்கி வந்தேன் என்று பொருள். அடுத்த கணினியில் அதே வகை வேலையைத் தொடங்குங்கள். 'டிசிபி ஹிட்', 'டிசிபி மெம் ஹிட்' என்று மாறத் தொடங்கும். டிஸ்க்கிலிருந்தும் ராமிலிருந்தும் எடுத்துக் கொடுக்கிறது. பதில் வர எடுத்துக்கொண்ட மில்லிசெகண்ட் எண்ணிக்கை அதே வரியில் இருக்கும். இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள், நான் மேலே சொல்ல ஒன்றும் இருக்காது.

ப்ராக்ஸியால் ஆகாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். அப்லோடுக்கு அது உதவாது. அட்லஸ் வேலையின் முடிவுக் கோப்பு பெரியது, ஒவ்வொன்றும் தனித்தன்மை உடையது. நம் ஊர் இணைப்புகள் சிலவற்றில் அப்லோடு வேகம் குறைவு என்பதால், ஒரே நேரத்தில் எத்தனை அட்லஸ் வேலை என்பதை உங்கள் இணைப்பைப் பார்த்து முடிவு செய்யுங்கள். மிஞ்சிய கணினிகளுக்கு தியரி வேலை கொடுங்கள், அதன் முடிவு சிறியது. எச்டிடிபிஎஸ்-இல் வருவது ஸ்க்விட்டின் வழியே போகுமே தவிர, அதன் கையில் தங்காது. வேலைக்கு வேலை வேறு வேறு தரவு அனுப்பும் பிற திட்டங்களுக்கும் இதனால் பெரிய மிச்சம் இல்லை.

இவ்வளவு பாடு எதற்கு என்று யாராவது கேட்கக்கூடும். பதிவிறக்கம் தடுமாறி ஒரு வேலை செத்தால், உங்கள் மின்சாரம் வீண், அதே வேலையை வேறொருவர் மறுபடி செய்ய வேண்டும். நூறு வாட் இழுக்கும் ஒரு கணினி நாள் முழுக்க ஓடினால் 2.4 யூனிட், மாதத்துக்கு 72 யூனிட். அத்தனையும் பயனுள்ள கணக்காக மாற வேண்டும். மறுமுனையில் இருக்கும் சர்வர்களும் பொதுப்பணத்தில் ஓடுபவை. எல்எச்சி தரவைக் கையாளும் உலகளாவிய கணினி வலையில் நாற்பதுக்கு மேற்பட்ட நாடுகளில் 170 அளவுக்கு மையங்கள் இருக்கின்றன. கொல்கத்தாவிலும் மும்பையிலும்கூட உண்டு. அங்கெல்லாம் ஆயிரக்கணக்கான கணினிகளுக்கு முன்னால் இதே ஸ்க்விட்தான் உட்கார்ந்திருக்கிறது. ஒரு கோப்பு தன் வாசலுக்கு ஒருமுறை வந்தால் போதும் என்பது அவர்கள் கடைப்பிடிக்கும் ஒழுங்கு. தன்னார்வலர் என்பதால் நமக்கு அதிலிருந்து விலக்கு இல்லை. கொடுக்கிறோம் என்பதற்காக எப்படி வேண்டுமானாலும் கொடுத்துவிட முடியாது. வாங்குகிறவருக்குப் பாரமாகாமல் கொடுப்பதுதான் கொடை.

மையத்தின் உரிமையாளர் நீங்கள் இல்லையென்றால் அவரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். கோடையில் அறை சூடாகும், பாதிக் கணினிகளை நிறுத்திவையுங்கள். மாணவர்களில் ஆர்வமுள்ள ஒருவரை அழைத்து அந்த லாகைப் படிக்கச் சொல்லிக்கொடுங்கள். கேஷ், கைரேகை, டிஜிட்டல் கையொப்பம் ஆகிய மூன்றையும் கரும்பலகையில் வரைந்து விளக்குவதைவிட, ஓடும் வரிகளில் காட்டினால் அந்தப் பிள்ளைக்குச் சீக்கிரம் விளங்கும். ஸ்க்விட்டை நிறுவியதும் முதல் நாள் லாகில் என்ன பார்த்தீர்கள் என்று எழுதுங்கள். அமைப்புக் கோப்பில் எந்த வரியாவது இடித்தால், அந்த வரியை அப்படியே எழுதி அனுப்புங்கள், சேர்ந்து பார்க்கலாம்.

அன்புடன்,
உங்கள் நண்பன்