கடைசிச் சண்டையில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதலில் கார் ஓட்டும் கேமும் கிரிக்கெட் கேமும் விளையாடுவார்கள். இரண்டும் அலுத்த பிறகு நண்பர் யாராவது "ஆர்பிஜி விளையாடிப் பார்" என்று சொல்வார். ரோல் பிளேயிங் கேம் என்பதன் சுருக்கமே ஆர்பிஜி. நீங்கள் ஒரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ வேடம் ஏற்று, ஒரு பெரிய கற்பனை உலகில் ஊர் ஊராகச் சுற்றி, ஆயுதம் செய்து, மருந்து காய்ச்சி, கடைசியில் ஒரு பெரிய எதிரியுடன் மோத வேண்டும். முடிக்க ஐம்பது மணி நேரம்கூட ஆகலாம். அதனால்தான் அதில் செய்யும் தவறும் பெரிதாக வலிக்கும்.

அப்படி ஒரு தவறை என் அக்கா மகன் செய்தான். அவனை வைத்தே இந்தப் பாடத்தைச் சொல்லிவிடுகிறேன்.

அக்கா வீடு தென்காசியில். மருமகன் பிளஸ் 2 முடித்திருந்தான். கணக்கில் நினைத்த மார்க் வரவில்லை. கல்லூரிக்கு உதவும் என்று அக்கா சீட்டுப் பணத்தில் வாங்கிக் கொடுத்த கம்ப்யூட்டரில் பத்து நாளாக ஒரே கேம். பொறியியல் கவுன்சிலிங்குக்கு ஆன்லைனில் பதிவு செய்யும் கடைசித் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. அவன் அந்தப் பக்கத்தைத் திறக்கவே இல்லை. "ஏல தம்பி, நீ வந்து அவன்ட்ட பேசு. நான் சொன்னா எரிஞ்சு விழுதான்" என்று அக்கா போன் செய்தாள்.

நான் போனபோது அவன் கேமையும் விட்டிருந்தான். "அழிச்சிரலாம்னு இருக்கேன் மாமா. எழுபது மணி நேரம் வேஸ்ட்" என்றான். திட்டுவதற்குத் தயாராகப் போன நான், "எங்க மாட்டிக்கிட்ட, காட்டு" என்றேன்.

கேம் எது?

ஸ்கைரிம். பெதஸ்டா நிறுவனம் 2011 நவம்பரில் வெளியிட்ட ஆர்பிஜி இது. 2016-ல் ஸ்பெஷல் எடிஷன் வந்தது. பழைய பதிப்புக்கு 2 ஜிபி ரேமும் 6 ஜிபி ஹார்டு டிஸ்க் இடமும் போதும். ஸ்பெஷல் எடிஷனுக்குக் குறைந்தது 8 ஜிபி ரேம், 12 ஜிபி இடம், 64 பிட் விண்டோஸ், தனி கிராபிக்ஸ் கார்டு வேண்டும். வாங்கும் முன் உங்கள் கம்ப்யூட்டரில் இவை இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். அமெரிக்கத் தரச்சான்றுப்படி இது 17 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானது. சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம்.

கதையில் கடைசி எதிரி ஆல்டுயின் என்ற கறுப்பு டிராகன். அவனைத் துரத்திக்கொண்டு முதலில் ஸ்கல்டாஃப்ன் என்ற மலைக்கோயிலுக்குப் போகிறோம். அங்கிருந்து சோவன்கார்டு என்ற வீரசொர்க்கத்துக்குள் நுழைகிறோம். இங்கேதான் சிக்கல். ஸ்கல்டாஃப்னில் காலை வைத்துவிட்டால் பழைய ஊர்களுக்குத் திரும்ப முடியாது. கதையை முடித்தால்தான் வெளியே வரலாம். மருந்து வாங்கப் பழைய கடைகளுக்கும் போக முடியாது.

மருமகன் கையில் மூன்று மருந்துப் புட்டிதான் மிச்சம். கேமின் கடினம் மாஸ்டர் நிலையில் இருந்தது. பழைய சேவ் எதுவும் இல்லை. எல்லா இடத்திலும் எஃப்5 கீயை மட்டுமே அழுத்தி வந்திருக்கிறான். அது க்விக் சேவ். ஒவ்வொரு முறையும் முந்தைய க்விக் சேவின் மேலேயே எழுதிவிடும். ஆட்டோ சேவ் என்று கேம் தானாகச் சேமிப்பதும் சிலதான். அவையும் ஸ்கல்டாஃப்னுக்குப் பிந்தியவை. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை.

டிபிகல்ட்டி என்பது என்ன?

டிபிகல்ட்டியைக் கூட்டினால் எதிரிக்குப் புத்தி கூடும் என்று பலரும் நினைக்கிறார்கள். ஸ்கைரிமில் நடப்பது பெரும்பாலும் வெறும் பெருக்கல்தான்.

நாவிஸ்: நாம் கொடுக்கும் அடி 2 மடங்கு. நாம் வாங்கும் அடி பாதி.
அப்ரெண்டிஸ்: கொடுப்பது 1.5 மடங்கு. வாங்குவது 0.75 மடங்கு.
அடெப்ட்: இரண்டும் உள்ளது உள்ளபடி. இதுதான் நடுநிலை.
எக்ஸ்பர்ட்: கொடுப்பது 0.75 மடங்கு. வாங்குவது 1.5 மடங்கு.
மாஸ்டர்: கொடுப்பது பாதி. வாங்குவது 2 மடங்கு.
லெஜண்டரி: கொடுப்பது கால்வாசி. வாங்குவது 3 மடங்கு. இது 2013-ல் வந்த அப்டேட்டில் சேர்ந்தது.

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். எதிரியின் உயிர் 1000 புள்ளி, உங்கள் வாள் ஒரு வீச்சுக்கு 50 புள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். அடெப்ட்டில் 20 வீச்சு போதும். மாஸ்டரில் 40 வீச்சு வேண்டும். உங்கள் உயிர் 200, எதிரியின் ஒரு கடி 40 என்றால், அடெப்ட்டில் ஐந்தாவது கடியில்தான் விழுவீர்கள். மாஸ்டரில் மூன்றாவது கடியிலேயே முடிந்துவிடும். அதாவது சண்டை இரண்டு மடங்கு நீள்கிறது, தாங்கும் சக்தியோ பாதியாகிறது. இரண்டையும் சேர்த்தால் ஏறக்குறைய நான்கு மடங்கு கடினம்.

எல்லா கேமிலும் இப்படி இல்லை. 2000-ல் வந்த டயாப்லோ 2 கேமில் நார்மலை முடித்தால்தான் நைட்மேர் திறக்கும், அதை முடித்தால்தான் ஹெல். அதற்கு 2001-ல் வந்த எக்ஸ்பான்ஷனில், நைட்மேர் போனதும் நெருப்பு, குளிர் போன்றவற்றைத் தாங்கும் சக்தியில் 40 புள்ளி குறையும், ஹெல்லில் 100 புள்ளி குறையும். 2023-ல் வந்த பால்டர்ஸ் கேட் 3 கேமில் எக்ஸ்ப்ளோரர், பேலன்ஸ்டு, டாக்டிசியன் என்ற நிலைகள் உண்டு. ஹானர் மோட் என்றும் ஒன்று உண்டு. அதில் ஒரே ஒரு சேவ்தான். புதியவர்கள் அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

கிராஃப்டிங்: ஜெயிப்பது பட்டறையில்தான்

மருமகனின் இரண்டாவது தவறு வேறு மாதிரி. கொல்லுப்பட்டறையில் உட்கார்ந்து நூற்றுக்கணக்கில் இரும்புக் கத்தி அடித்திருக்கிறான். ஓர் இரும்புக் கட்டி, ஒரு தோல் வார் இருந்தால் ஒரு கத்தி. மலிவாகத் தொழில் கற்கலாம் என்று எண்ணம். ஆனால் ஸ்கைரிமில் எந்தத் திறமை வளர்ந்தாலும் வீரனின் லெவல் உயரும். லெவல் உயர்ந்தால் எதிரிகள் பலரும் சேர்ந்து வலுவாவார்கள். இவன் பட்டறையில் லெவல் ஏறினான், வாள் வீசக் கற்கவில்லை. எதிரி வளர்ந்துவிட்டான், இவன் கை வளரவில்லை. ஆகவே கிராஃப்டிங்கையும் சண்டையையும் மாற்றி மாற்றிச் செய்யுங்கள்.

கிராஃப்டிங்கில் மூன்று வகை.

1. ஸ்மிதிங், அதாவது கொல்லர் வேலை. உலைக்களத்தில் ஆயுதமும் கவசமும் செய்யலாம். செய்வதோடு நிறுத்தாதீர்கள். சாணைக்கல்லில் ஆயுதத்தையும், வொர்க் பெஞ்சில் கவசத்தையும் மேம்படுத்துங்கள். புது வாள் தேடி அலைவதைவிட இருக்கும் வாளைத் தீட்டுவது பல சமயம் லாபம்.

2. ஆல்கெமி, அதாவது மருந்துக் கலவை. குற்றாலத்துக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். மலையில் பறிக்கும் ஒவ்வொரு மூலிகைக்கும் நான்கு குணம். ஒரே குணம் உள்ள இரண்டைச் சேர்த்தால்தான் மருந்தாகும். ஒன்றைத் தின்று பார்த்தால் அதன் முதல் குணம் தெரியும். கோதுமையும் ப்ளூ மவுண்டன் ஃபிளவரும் சேர்ந்தால் உயிரை மீட்கும் மருந்து. ஸ்னோபெர்ரியும் டிராகன்ஸ் டங்கும் சேர்ந்தால் நெருப்பைத் தாங்கும் மருந்து. ஸ்னோபெர்ரியும் பர்ப்பிள் மவுண்டன் ஃபிளவரும் சேர்ந்தால் குளிரைத் தாங்கும் மருந்து. நெருப்பும் குளிரும் கக்கும் டிராகன்களுக்கு எதிரே இந்த மூன்றும் கையில் இல்லாமல் போகக் கூடாது.

3. என்சான்ட்டிங், அதாவது பொருளில் மந்திரம் ஏற்றுவது. மந்திரம் உள்ள ஒரு பொருளை உடைத்தால் அந்த மந்திரம் நமக்குப் பாடமாகும். பொருள் போய்விடும். பிறகு சோல் ஜெம் என்ற கல்லைக் கொண்டு அதே மந்திரத்தை வேறொரு பொருளில் ஏற்றலாம். கல் பெரிதானால் மந்திரத்தின் வலுவும் கூடும்.

இந்த மூன்றும் ஒன்றையொன்று தூக்கிவிடும். என்சான்ட்டிங்கைக் கூட்டும் மருந்தைக் குடித்துவிட்டு ஆல்கெமியைக் கூட்டும் மோதிரம் செய்யலாம். அதைப் போட்டுக்கொண்டு இன்னும் நல்ல மருந்து காய்ச்சலாம். அளவு மீறினால் கடைசி எதிரிகூட ஓர் அடியில் விழுவான். அப்புறம் விளையாட்டில் ருசி இருக்காது. அளவோடு செய்யுங்கள்.

கடைசிச் சண்டை

சோவன்கார்டில் முதலில் மூன்று பழைய வீரர்களுடன் சேர்ந்து கிளியர் ஸ்கைஸ் என்ற முழக்கத்தால் மூடுபனியைக் கலைக்க வேண்டும். ஆல்டுயின் திரும்பத் திரும்பப் பனியைக் கொண்டுவருவான். சலிக்காமல் கலையுங்கள். பிறகு டிராகன்ரெண்ட் முழக்கம். அது பட்டால்தான் அவன் தரையில் இறங்குவான். பறக்கும்போது அம்பை வீணாக்காதீர்கள். இறங்கியதும் வாய்க்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில் நின்று அடியுங்கள். முழக்கத்தின் வேகம் தீர்ந்ததும் மறுபடி முழங்குங்கள்.

இதெல்லாம் மருமகனுக்குத் தெரிந்துதான் இருந்தது. மூன்று புட்டியோடு மாஸ்டரில் முடியவில்லை, அவ்வளவுதான். "டிபிகல்ட்டிய ரெண்டு படி இறக்கு" என்றேன். "அது ஜெயிச்ச மாதிரியா மாமா? அதுக்கு அழிச்சிரலாம்" என்றான். நான் வற்புறுத்தவில்லை.

மறுநாள் காலை அவனைக் குற்றாலத்துக்குக் கூட்டிப் போனேன். சாரல் தொடங்கி இரண்டு மூன்று நாள். மலையில் நல்ல மழை. மெயினருவியில் ஆர்ச்சைத் தாண்டித் தண்ணீர் விழுந்தது. குளிக்கத் தடை. போலீஸார் கயிறு கட்டியிருந்தார்கள். சிறிது நேரம் நின்று பார்த்துவிட்டுப் புலியருவிக்குப் போனோம். அங்கே சின்னப் பிள்ளைகளோடு சேர்ந்து நின்று ஒரு மணி நேரம் குளித்தோம். தலை துவட்டும்போது "குளிச்ச மாதிரி இருக்கா மாப்ளே?" என்றேன். சிரித்தான். பத்து நாளில் அவன் சிரித்தது அதுதான் முதல் தடவை என்று அக்கா பிறகு சொன்னாள்.

வீட்டுக்கு வந்ததும் எஸ்கேப் கீயை அழுத்தினான். சிஸ்டம், செட்டிங்ஸ், கேம்ப்ளே என்று போய் மாஸ்டரை அடெப்ட்டாக மாற்றினான். நடு ஆட்டத்திலும் இதை மாற்றலாம். ஐந்தாவது முயற்சியில் ஆல்டுயின் விழுந்தான். ஒரு புட்டி மிச்சம் இருந்தது. இறங்கி வந்ததால் சண்டை சப்பென்று ஆகிவிடவில்லை. நான்கு முறை தோற்றுத்தான் ஜெயித்தான்.

அன்று இரவு கவுன்சிலிங் பக்கத்தை அவனே திறந்தான். பதிவு செய்து முடித்துவிட்டுத்தான் சாப்பிட வந்தான். எந்தக் கல்லூரி என்பதெல்லாம் பிறகு வந்த கதை.

நீங்கள் மறக்கக் கூடாதவை

1. முதல் முறை விளையாடும்போது அடெப்ட்டில் தொடங்குங்கள். கை பழகாதவர்கள் நாவிஸில் தொடங்கினாலும் தவறில்லை.

2. எஃப்5 மட்டும் போதாது. மெனுவுக்குப் போய்த் தனி சேவ் செய்யுங்கள். ஊரைவிட்டுக் கிளம்பும் முன்னும் பெரிய சண்டைக்கு முன்னும் கட்டாயம் ஒன்று.

3. டாக்குமென்ட்ஸ், மை கேம்ஸ், ஸ்கைரிம், சேவ்ஸ் என்ற வழியில் சேவ் ஃபைல்கள் இருக்கும். ஸ்பெஷல் எடிஷனானால் ஸ்கைரிம் ஸ்பெஷல் எடிஷன் என்ற ஃபோல்டரில் தேடுங்கள். வாரம் ஒருமுறை பென் டிரைவில் காப்பி எடுத்து வையுங்கள். விண்டோஸை மறுபடி போட வேண்டி வந்தாலும் கவலையில்லை.

4. கரண்ட் போகும் ஊரென்றால் யுபிஎஸ் இல்லாமல் விளையாடாதீர்கள். சேவ் எழுதும் நேரத்தில் கரண்ட் போனால் அந்த ஃபைல் கெட்டுப்போகலாம்.

5. திருட்டுக் காப்பியை இன்ஸ்டால் செய்யாதீர்கள். கேமோடு வைரஸும் வரும். பழைய கேம்கள் தள்ளுபடி விலையில் அடிக்கடி கிடைக்கின்றன.

6. திரும்ப முடியாத இடத்துக்குப் போகும் முன் மருந்து, ஆயுதம், சேவ் மூன்றையும் சரிபாருங்கள்.

மாட்டிக்கொண்டால் பதற்றத்தில் எதையும் அழித்துவிடாதீர்கள். முதலில் செட்டிங்ஸைத் திறந்து பாருங்கள். ஒரு படி இறங்கி, முடித்துவிட்டு, அடுத்த முறை வேண்டுமானால் மாஸ்டரில் தொடங்குங்கள். மருமகன் இப்போது அப்படித்தான் விளையாடுகிறான், செமஸ்டர் லீவில் மட்டும்.