கண்ணும் கண்ணோட்டமும்
(சரக்கு ஊர்திக் கேமரா குறித்து ஒரு குறள்வழிச் சிந்தனை)

முன்னுரை

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடைப்பட்ட நெடுஞ்சாலையில் வைகறைப் பொழுதிலேயே சரக்கு ஊர்திகள் விரையத் தொடங்கிவிடுகின்றன. மீனும் நெல்லும், சிப்காட் ஆலைப் பொருள்களும், இணையவழி வாங்கிய பொதிகளும் ஓட்டுநர்களின் உழைப்பாலேயே ஊர்தோறும் வந்து சேர்கின்றன. இத்தகைய ஓட்டுநரின் முகத்தைப் பணிநேரம் முழுவதும் நோக்கிக்கொண்டிருக்கும் கேமராவை ஊர்தியினுள் பொருத்தும் வழக்கம் உலகின் பல நாடுகளில் பரவி வருகின்றது. அது காவலா, வேவா? இவ்வினாவைத் திருக்குறளின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கருவியின் இயல்பு

அமெரிக்காவில் அமேசான் நிறுவனம் தன் பொதிகளைக் கொண்டுசெல்லும் ஊர்திகளில் இத்தகைய கேமராவைப் பொருத்தும் செய்தி 2021 பிப்ரவரியில் வெளியாயிற்று. கருவியைச் செய்தளித்த நெட்ராடைன் நிறுவனம் 2015இல் தொடங்கப்பெற்றது. நம் பெங்களூரிலும் அதன் பொறியாளர்கள் பணிபுரிகின்றனர். அக்கருவிக்குக் கண்கள் நான்கு. ஒன்று சாலையையும், இரண்டு பக்கங்களையும், நான்காவது ஓட்டுநரையும் நோக்குவன. கொட்டாவி, கண் செருகல், கைப்பேசியை எடுத்தல், இருக்கைப்பட்டை அணியாமை, வேகமிகுதி ஆகியவற்றைக் கணினி அறிவே கண்டு குறித்துக்கொள்கின்றது. முகப்பதிவுக்கு ஓட்டுநர் ஒப்புதல் எழுதித் தரவேண்டும். தராதவர்க்கு வேலை இல்லை.

இதனால் விளையும் நன்மையை மறுத்தற்கில்லை. விடியற்காலை உறக்கம் உயிரைப் பறிக்கும். ஒலியெழுப்பி விழிக்கச் செய்யும் கருவி உயிரைக் காக்கும். விபத்து நேர்ந்தவிடத்துப் பிழை யாருடையது என்பதற்குப் பதிவு சான்றாகும். குற்றமற்ற ஓட்டுநரைப் பழியினின்றும் மீட்கும்.

ஆயின், அதே 2021ஆம் ஆண்டில் ஓட்டுநர்கள் செய்தியாளரிடம் கூறிய குறைகளும் எண்ணத்தக்கன. பிறிதோர் ஊர்தி குறுக்கே புகுந்தமைக்குத் தம்மீது குற்றம் எழுதப்பட்டது என்றனர் சிலர். பக்கக் கண்ணாடியைப் பார்த்ததையே கவனச்சிதைவு எனக் கருவி கொண்டது என்றனர் வேறு சிலர். இக்குறிப்புகள் அவர்தம் ஊக்கத்தொகையையும் பாதித்தன.

குறள் காட்டும் நெறி

வள்ளுவப் பெருந்தகை ஒற்றாடலை 59ஆம் அதிகாரமாக வைத்தார். அதற்கு முன்னதாக, 58ஆம் அதிகாரமாகக் கண்ணோட்டத்தை வைத்தார். இவ்வைப்புமுறை நம் சிந்தனைக்கு உரியது. பிறரை ஆராயப் புகுமுன் இரக்கம் உடையவனாதல் வேண்டும் என இதற்குப் பொருள் கொள்ளுதல் பொருந்தும்.

வள்ளுவர் வேவினை விலக்கவில்லை, நெறிப்படுத்துகின்றார். பணிசெய்வார், சுற்றத்தார், பகைவர் என அனைவரையும் ஒருநிகராக ஆராய்வதே ஒற்று என்பது 584ஆம் குறளின் கருத்து. ஓட்டுநரின் கொட்டாவியைக் குறித்துக்கொள்ளும் கருவி, ஓய்வின்றி ஓட்டுமாறு கால அட்டவணை வகுத்தவரைக் குறித்துக்கொள்கின்றதா? ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியை மற்றோர் ஒற்றனால் ஆராய்ந்தே கொள்ளவேண்டும் என்கிறது 588ஆம் குறள். கருவி ஒன்றன் குறிப்பையே தீர்ப்பாகக் கொள்ளும் முறை இதற்கு முரணானதன்றோ! கண்ணோட்டமில்லாத கண்ணைப் புண் என்றே 575ஆம் குறள் இழித்துரைக்கின்றது.

இஸ்லாம் கூறும் நெறி

திருக்குர்ஆனின் ஹுஜுராத் அத்தியாயம் 12ஆம் வசனம் பிறர் குறையைத் துருவித் துருவி ஆராய்வதைத் தடுக்கின்றது. எனினும், மக்கள் நலன் கருதிய கண்காணிப்பு இஸ்லாமிய வரலாற்றில் உண்டு. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் இரவில் நகர்வலம் வருகையில், பசித்தழும் பிள்ளைகளைத் தேற்ற வெற்றுப் பானையை அடுப்பிலேற்றியிருந்த தாயைக் கண்டார்கள். மாவு மூட்டையைத் தம் முதுகிலேயே சுமந்து வந்து உணவு சமைத்தளித்தார்கள் என்பது நாம் கேட்டறிந்த வரலாறு. கண்ட கண்ணே சுமையையும் ஏற்றது. கண்காணிப்புக்கு இதனினும் சிறந்த இலக்கணம் வேண்டுமோ?

சட்டத்தின் நிலை

அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அடங்கிய அமர்வு 24.8.2017 அன்று தீர்ப்பளித்தது. எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் இயற்றப்பெற்றது. ஆனால், வேலைவாய்ப்பு சார்ந்த நோக்கங்களுக்கும், முதலாளியை இழப்பினின்று காப்பதற்கும் ஒப்புதலின்றியே தரவைக் கையாள அச்சட்டத்தின் 7ஆம் பிரிவு இடமளிக்கின்றது. எனவே, ஓட்டுநரின் கையொப்பம் ஒன்றே அவருக்கு அரணாகிவிடாது.

நாளொன்றுக்கு எட்டு மணி நேர வேலை, ஐந்து மணி நேரத்துக்குள் அரைமணி ஓய்வு என்னும் வரையறைகளை 1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வகுத்தது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களுள் அதுவும் அடங்கிற்று. உறக்கத்தைப் பதிவு செய்வோர், உறக்கம் இழந்த மணிநேரத்தையும் பதிவு செய்தலே முறையாகும்.

முடிவுரை

நெடுந்தொலைவு செல்லும் ஓட்டுநருக்கு ஊர்தியின் முன்னறையே இரவில் இல்லம். அங்கேயே உண்டு உறங்குவார் பலர். ஆதலின் ஊர்தி நிற்கும் பொழுதில் உள்நோக்கும் கண் மூடப்பெறல் வேண்டும். பதிவின் படி ஓட்டுநருக்கும் கிடைத்தல் வேண்டும். கூலியைக் குறைக்குமுன் அவர் சொல்லைக் கேட்டல் வேண்டும்.

இரக்கம் காட்டின் தொழில் கெடும் என அஞ்சுவார் உளர். அவர்க்கு விடை 578ஆம் குறளில் உள்ளது: தொழில் சிதையாமலே கண்ணோட வல்லவர்க்கு இவ்வுலகம் உரியது என்பதே அதன் கருத்து. நாளை முதலாளிகளாகவும் பொறியாளர்களாகவும் வழக்கறிஞர்களாகவும் விளங்கப்போகும் மாணவ மணிகள், கருவிக்குக் கண் வைக்கும் பொழுதே கண்ணோட்டத்தையும் சேர்த்து வைப்பார்களாக!