கூட்டாளியோடு புதுச்சேரிக்கு சைக்கிளில் கிளம்புகிறவர்களுக்கு

திருவான்மியூரில் ஆரம்பித்துக் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்தால் புதுச்சேரி ஏறத்தாழ 150 கிலோமீட்டர். மலையேற்றம் கிடையாது, வழியில் டீக்கடைகளுக்கும் பஞ்சமில்லை. ஒரே பகலில் முடியும். முதல்முறை போகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்.

1. இருவரில் யாருக்கு வேகம் குறைவோ, அன்றைய வேகம் அவருடையது. கிளம்புமுன்பே இதைப் பேசி முடித்துவிடுங்கள். வேகக்காரர் முன்னால் பறந்துபோய் மரத்தடியில் காத்திருப்பது உதவியே அல்ல. மற்றவர் மூச்சிரைக்க வந்து சேரும்போது இவர் இளைப்பாறி எழுந்துவிடுவார். வந்தவருக்கு ஓய்வே கிடைக்காது. மதியத்துக்குள் இருவரும் முகங்கொடுத்துப் பேசமாட்டார்கள்.

2. காலை ஐந்து மணிக்குச் சக்கரம் உருள வேண்டும். மாமல்லபுரம் வரைக்கும் கார்கள் அதிகம். ஞாயிற்றுக்கிழமை என்றால் கேட்கவே வேண்டாம். முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு, இரண்டு விளக்கும் எரியட்டும்.

3. மேடு இல்லாத குறையைக் காற்று தீர்த்துவைக்கும். டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குக் காற்று முதுகைத் தள்ளும். கோடையிலோ மதியத்துக்குமேல் தென்கிழக்கிலிருந்து கடற்காற்று முகத்தில் அடிக்கும். கூட ஆள் இருப்பதன் அருமை அப்போது தெரியும். முன்னவர் காற்றை வாங்கிக்கொள்ள, நெருங்கிப் பின்தொடர்பவருக்கு உழைப்பு கணிசமாகக் குறையும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாறுங்கள். ஆனால் முன்னவருடைய பின்சக்கரத்தை உங்கள் முன்சக்கரம் உரசினால் விழுவது நீங்கள்தான். முன்னால் போகிறவர் "பள்ளம்", "மணல்", "நாய்" என்று கத்திக்கொண்டே போக வேண்டும். கத்த வெட்கப்படுகிறவர் முன்னால் போக லாயக்கில்லை.

4. அருகருகே ஓட்டிக் கதை பேசாதீர்கள். அதற்குத்தான் டீக்கடை.

5. சீட்டில் உட்கார்ந்து, மிதி கீழே இருக்கும்போது அதில் குதிகாலை வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். சீட் தாழ்ந்திருந்தால் கல்பாக்கம் தாண்டுவதற்குள் முழங்கால் வலிக்கும்.

6. ஆளுக்கொரு டியூப், பொதுவில் ஒரு பம்பு. சாலையோரப் பஞ்சர் கடைக் குழாய் மெல்லிய பிரெஸ்டா வால்வில் பொருந்தாது. பஞ்சரானால் புது டியூபை அவசரமாக மாட்டாதீர்கள். டயரின் உட்பக்கம் முழுக்க விரலை மெதுவாக ஓட்டுங்கள். கருவேல முள்ளின் முனை எங்காவது குத்திக்கொண்டிருக்கும். அதைப் பிடுங்காமல் மாட்டினால் அடுத்த டியூபும் போச்சு.

7. வெறும் தண்ணீர் போதாது. ஒரு லிட்டருக்கு அரை டீஸ்பூன் உப்பு, ஆறு டீஸ்பூன் சர்க்கரை. மோரும் இளநீரும் கிடைக்கிற இடமெல்லாம் நிறுத்துங்கள். பூரியை ஊர் போய்ச் சேர்ந்தபின் வைத்துக்கொள்ளலாம்.

8. மரக்காணத்தில் முக்கால் தூரம் முடிந்திருக்கும். உப்பளங்களின் ஓரம், நிழல் குறைவு, உச்சி வெயில். சண்டை வருகிற இடம் இதுதான். "நீதானே இந்த வழி சொன்னே" என்று ஆரம்பிக்கும். குணத்தை ஆராயாதீர்கள், அது பசி. இறங்கி இரண்டு வாழைப்பழம் தின்றுவிட்டுப் பேசுங்கள்.

9. ஒருவருக்குத் தலை சுற்றினாலோ வியர்வை நின்றாலோ இருவருமே நிறுத்துங்கள். நிழலில் படுக்கவைத்து உடம்பை நனையுங்கள். வியர்வை நின்றுபோனால் 108-ஐ உடனே கூப்பிடுங்கள்.

10. டிசம்பரில் போகும்போது தள்ளிய காற்று, திரும்பும்போது எதிர்க்காற்று. மறுநாளே திரும்புவதானால் இன்னும் ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்புங்கள்.