குழப்படி என்று எழுதுமுன்: முன்பள்ளியில் பிள்ளையின் விளையாட்டைப் பார்த்து எழுதப் பழகுவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

முன்பள்ளியில் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் என் கொப்பியில் ஒரே வசனந்தான் திரும்பத் திரும்ப இருந்தது: "இன்று சந்தோசமாக விளையாடினார்." பிள்ளையின் பெயர் மாறும், திகதி மாறும், வசனம் மாறாது. ஒரு தாய் வந்து, "ரீச்சர், என்ர பிள்ளை இஞ்ச என்ன செய்யிறவர்?" என்று கேட்டார். மூன்று மாதக் குறிப்பைப் புரட்டியும் அவருக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. அந்தப் பிள்ளையை ஒவ்வொரு நாளும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எழுதி வைக்காததால் பார்த்ததெல்லாம் போய்விட்டது.

வேலணையிலும் புங்குடுதீவிலும் நயினாதீவிலும் புதிதாக முன்பள்ளிக்கு வரும் தங்கைமாருக்காக இதை எழுதுகிறேன். பெரிய பயிற்சி எதுவும் முடித்திருக்க வேண்டியதில்லை. ஒரு பிள்ளையைப் பத்து நிமிடம் பேசாமல் பார்க்கத் தெரிந்தால் போதும். அதுதான் கஷ்டம் என்பது முதல் நாளே தெரியவரும்.

படி 1: கொப்பி, பென்சில், பத்து நிமிடம்

சட்டைப் பையில் அடங்கும் தைத்த கொப்பி வேண்டும். தனித் தாள் வேண்டாம். சோளகக் காற்று வீசும் மாதங்களில் முற்றத்தில் தாள் நில்லாது. பேனையைவிடப் பென்சில் நல்லது, ஈரக் கையோடும் எழுதலாம்.

ஒரு நாளைக்கு ஒரு பிள்ளை, பத்து நிமிடம். எல்லாரையும் ஒரே நேரத்தில் எழுதப் போனால் ஒருவரையும் எழுத மாட்டோம். அந்தப் பத்து நிமிடமும் மற்றப் பிள்ளைகளைப் பார்க்க இன்னொரு ரீச்சர் இருக்க வேண்டும். முதல் நாளே பேசி ஒழுங்கு செய்யுங்கள். பிள்ளையின் முகமும் கையும் தெரியும் தூரத்தில், முடிந்தால் தாழ்வான வாங்கில், இருங்கள். "என்ன செய்யிறீங்கள்?" என்று கேட்காதீர்கள். கேட்டவுடன் பிள்ளை விளையாட்டை விட்டுவிட்டு உங்களுக்குப் பதில் சொல்ல வந்துவிடும்.

படி 2: தலைப்பு வரி

திகதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், இடம், பக்கத்தில் யார், கைக்கெட்டும் தூரத்தில் என்ன பொருள். பிள்ளையின் முழுப் பெயர் வேண்டாம், முதலெழுத்துப் போதும். வயதை மாதத்தோடு எழுதுங்கள். 3 வயது 1 மாதமும் 3 வயது 11 மாதமும் நம் வாயில் "மூண்டு வயசு"தான், ஆனால் இரண்டும் வேறு வேறு பிள்ளைகள். தமிழில் இந்தக் கணக்கு புதிதல்ல. பிள்ளைத்தமிழ் பாடியவர்கள் பருவங்களை மாதக் கணக்கில்தான் பிரித்தார்கள். ஒரு கால் மடித்து, ஒரு கால் நீட்டி, இரு கையும் ஊன்றித் தலையசைப்பதைச் செங்கீரை என்றும், கைகொட்டுவதைச் சப்பாணி என்றும், தளர்நடை நடந்து வருவதை வாரானை என்றும் பெயரிட ஒருவர் எவ்வளவு நேரம் குழந்தையைப் பார்த்திருக்க வேண்டும்!

படி 3: வினைச்சொல்லைத் தேடுங்கள்

புதிதாக எழுதுபவரின் குறிப்பில் "அழகாக", "நன்றாக", "ஆர்வமாக" நிறைய இருக்கும். அவற்றை எடுத்துவிட்டுப் பாருங்கள், மிஞ்சுவது ஒன்றும் இருக்காது. விளையாட்டு வினைச்சொல்லில் இருக்கிறது, தமிழில் அதற்குப் பஞ்சமில்லை. "மணலை எடுத்தான்" என்றால் கை தெரியவில்லை. அள்ளினானா, கிள்ளினானா, வழித்தானா, குவித்தானா? எடுத்ததைக் கொட்டினானா, தூவினானா, சொரியவிட்டானா, விட்டெறிந்தானா? முழுக்கையால் அள்ளுவது ஒரு வேலை. பெருவிரலும் சுட்டுவிரலும் சேர்த்து ஒரு புளியங்கொட்டையைப் பொறுக்குவது வேறு வேலை. பென்சில் பிடிக்கப் போவது அந்த இரண்டு விரல்களும் நடுவிரலுந்தான். சரியான வினைச்சொல்லை எழுதிவிட்டால் "விரல் தசை நன்கு வளர்ந்துள்ளது" என்று தனியாக எழுத வேண்டியதில்லை.

எண்ணக் கூடியதை எண்ணுங்கள். "கன நேரம்" என்பதைவிட "4 நிமிடம்". "பல தடவை" என்பதைவிட "6 தடவை".

படி 4: பிள்ளையின் பேச்சைத் திருத்தாதீர்கள்

நாங்கள் எல்லாரும் விடுகிற பிழை இது. பிள்ளை "ஏலாது" என்று சொல்லும், "மாட்டன்" என்றும் சொல்லும். நாம் கொப்பியில் இரண்டுக்கும் "மறுத்தார்" என்று எழுதுவோம். ஒன்று முடியாமை, மற்றது விருப்பமின்மை. முதலாவது பிள்ளைக்குக் கை கொடுக்க வேண்டும், இரண்டாவது பிள்ளையைக் கொஞ்சம் விட்டுவிட வேண்டும். எழுத்துத் தமிழுக்கு மாற்றியவுடன் அந்த வித்தியாசம் செத்துப்போகிறது.

"என்ர", "இஞ்ச", "கெதியா", "வெளிக்கிடுவம்" எல்லாம் மேற்கோள் குறிக்குள் அப்படியே வரட்டும். பிள்ளை "லீச்சர்" என்றால் "லீச்சர்" என்றே எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து அதே பிள்ளை "ரீச்சர்" என்று கூப்பிடும்போது ஒப்பிட்டுப் பார்க்க உங்களிடம் எழுத்து இருக்கும்.

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரில் 1924 முதல் 1927 வரை ஒரு சிறு பள்ளியை நடத்திய சூசன் ஐசக்ஸ், பிள்ளைகள் செய்ததையும் சொன்னதையும் சொன்ன சொல்லாகவே பதிந்துவைத்தார். 1930இல் வந்த அவருடைய புத்தகத்தின் பலம் அந்தப் பதிவுகள்தாம். அவருடைய முடிவுகளோடு உடன்படாதவர்களும் அந்தப் பிள்ளைகளின் பேச்சை இன்றும் எடுத்துப் படிக்க முடிகிறது.

ஒரு குறிப்பு, முழுதாக

காலை 9.10 – 9.20. பூவரசுக்குக் கீழே, மணல். ம., 4 வயது 3 மாதம். பக்கத்தில் க., 3 வயது 4 மாதம். இரண்டு பிளாஸ்டிக் கதிரை, சிரட்டை, ஒரு துவாய்.

ம. இரண்டு கதிரைகளையும் இழுத்து வந்து ஒன்றின் பின் ஒன்றாக வைக்கிறாள். "லோஞ்ச் வெளிக்கிடப் போகுது, கெதியா வாங்கோ!" க. இரண்டு அடி தள்ளி, சிரட்டையை நெஞ்சோடு பிடித்தபடி நிற்கிறான். அவளைப் பார்க்கிறான். அசையவில்லை (3 நிமிடம்). ம. திரும்பி, "நீ நயினாதீவுக்கு வாறியோ?" க. தலையாட்டுகிறான். "காசு தா." க. குனிந்து இரண்டு பூவரசம் இலை பொறுக்கிக் கொடுக்கிறான். ம., "ஒண்டு, ரெண்டு" என்று தொட்டு எண்ணி, ஒன்றைத் திருப்பிக் கொடுக்கிறாள். "இந்தா மிச்சம்." க. பின் கதிரையில் இருக்கிறான். ம. அவன் கதிரையை இரு கையாலும் பிடித்து ஆட்டுகிறாள். "அலை! அலை!" க.வின் உதடு நெளிகிறது. கதிரையின் ஓரத்தை இறுக்கிப் பிடிக்கிறான். ம. ஆட்டுவதை நிறுத்துகிறாள். துவாயை எடுத்து அவன் நெஞ்சில் போர்த்தி, "இது ஜக்கற். இனிப் பயமில்லை" என்கிறாள். மறுபடி ஆட்டுகிறாள், முந்தியதைவிட மெதுவாக.

இதில் ஓரிடத்திலும் "கற்பனை வளம்", "பரிவு" என்ற சொல் இல்லை. நயினாதீவுக்கு லோஞ்ச் வெளிக்கிடும் குறிகட்டுவான் இறங்குதுறைக்கு ஒருமுறை போய்வந்தவருக்கு இந்தப் பிள்ளை எதைப் பார்த்து வந்திருக்கிறாள் என்று யாரும் சொல்லத் தேவையில்லை.

படி 5: கண்டதும் நினைத்ததும்

பக்கத்தின் நடுவில் ஒரு கோடு போடுங்கள். இடப் பக்கம் கண்டது. வலப் பக்கம் நினைத்தது. வலப் பக்கத்தைப் பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு நிரப்புங்கள். அதிலும் "போல", "ஆக இருக்கலாம்" என்று முடியுங்கள்.

மேலே உள்ள குறிப்புக்கு நான் இப்படி எழுதுவேன்: துவாயை வேறொன்றாக நினைக்கிறாள்போல. காசு கொடுத்தால் மிச்சம் வரும் என்று தெரிந்திருக்கலாம். எவ்வளவு மிச்சம் என்ற கணக்கு இன்னும் இல்லைப்போல. க.வின் முகத்தைப் பார்த்துத் தன் விளையாட்டை மாற்றியிருக்கலாம்.

க.வுக்கு? ஒரு பழக்கமில்லாத கண் "பங்கெடுக்கவில்லை" என்று எழுதியிருக்கும். அமெரிக்காவில் மில்ட்ரட் பார்டன் 1932இல் முன்பள்ளி வயதுப் பிள்ளைகளின் விளையாட்டை வகைப்படுத்தியபோது, பார்த்துக்கொண்டு நிற்பதையும் ஒரு வகையாகவே சேர்த்தார். தனியே விளையாடுவது, பக்கத்தில் இருந்தும் தனித்தனியே விளையாடுவது, சேர்ந்து விளையாடுவது என்பவற்றோடு அதுவும் ஒன்று. க. மூன்று நிமிடம் பார்த்தான், பிறகு ஏறினான். குறிப்பை இரண்டாவது நிமிடத்தில் நிறுத்தியிருந்தால் அவன் ஏறியது கொப்பியில் இல்லை.

படி 6: "குழப்படி" என்ற சொல்லை ஒரு மாதம் மூடி வையுங்கள்

நம் வாயில் மிக இலகுவாக வரும் சொல் இது. தாய் தகப்பனுக்கும் உடனே விளங்கும், எங்களுக்கும் வேலை முடிந்துவிடும். அந்தச் சொல் விழுந்த இடத்தில் பார்ப்பதும் நின்றுவிடும். அதனால்தான் இதில் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன்.

ஒரு பையன், 4 வயது 7 மாதம், மணல் எறிகிறான் என்று முறைப்பாடு. மணல் இன்னொரு பிள்ளையின் கண்ணில் விழுந்து நாங்கள் தண்ணீர் விட்டுக் கழுவியிருக்கிறோம். மூன்று நாளாகக் கொப்பியில் "குழப்படி, மணல் எறிகிறார்" என்று இருந்தது. நாலாம் நாள் பத்து நிமிடம் இருந்து பார்த்தேன். என் இடப் பக்கம் இது:

9.32. வலக் கையால் மணல் அள்ளிப் பொத்துகிறான். தலைக்கு மேலே உயர்த்தி விரலை விரிக்கிறான். மணல் போகும் பக்கம் முகத்தைத் திருப்புகிறான். "அங்கால போகுது." பூவரசின் மறுபக்கம் போகிறான். அள்ளுகிறான், உயர்த்துகிறான், விரிக்கிறான். மணல் நேரே காலடியில் விழுகிறது. குனிந்து பார்க்கிறான். "இஞ்ச இல்லை." திரும்பப் பழைய இடம். 6 தடவை. ஒரு பிள்ளையையும் பார்க்கவில்லை.

எறிதல் என்று மூன்று நாள் எழுதியது எறிதலே அல்ல. அவன் காற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். வெளியில் சோளகம், மரத்துக்குப் பின்னால் ஒதுக்கு. இரண்டு இடத்திலும் மணல் எப்படி விழுகிறது என்று மாறி மாறிச் செய்து பார்த்திருக்கிறான். அந்த மணல் போகும் பக்கத்தில் பிள்ளைகள் இருந்ததுதான் பிரச்சினை.

வலப் பக்கத்தில் ஒரு கேள்வி எழுதினேன்: வீட்டில் யாராவது இப்படிச் செய்வார்களா? பின்னேரம் தாயிடம் கேட்டேன். "அவர் விடியத் தகப்பனோட கரைக்குப் போறவர் ரீச்சர். தகப்பன் மண்ணை எடுத்து விட்டுப் பாத்துத்தான் வலைக்கு வெளிக்கிடுறவர்."

படி 7: நாளைக்கு என்ன?

குறிப்பின் கீழே ஒரு வரி விடுங்கள்: நாளைக்கு என்ன வைக்கப் போகிறேன்? ம.வுக்கு இன்னும் இரண்டு கதிரையும், ரிக்கற் கிழிக்கப் பழைய தாளும். காற்றுப் பார்க்கும் பையனுக்குப் பிள்ளைகள் இல்லாத பக்கத்தில் ஒரு மணல் மூலை, பனையோலைக் காற்றாடி, கயிற்றில் கட்டிய துணித்துண்டு. இந்த வரி இல்லாத குறிப்பு அலுமாரிக்குத்தான் போகும்.

படி 8: யாரிடம் காட்டுவது

பெற்றோரிடம் இடப் பக்கத்தை முதலில் வாசித்துக் காட்டுங்கள். கருத்தை அவர்கள் சொல்ல விடுங்கள். எங்களுக்குத் தெரியாத பாதி அவர்களிடம் இருக்கிறது. ஒரு பிள்ளை பனங்கொட்டையைக் காதில் வைத்து "மாமா, அங்க சினோ கொட்டுதோ?" என்று கேட்டால், கனடாவில் யார் இருக்கிறார் என்பதை அம்மம்மாதான் சொல்வார். கொப்பியைப் படம் பிடித்து வட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். ஊர் சிறியது, முதலெழுத்தைப் பார்த்தே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாமை, கை நீட்டிச் சுட்டிக் காட்டாமை, பாவனை விளையாட்டே இல்லாமை போன்றவை சில கிழமைகளாகத் தொடர்ந்து உங்கள் குறிப்பில் வந்தால் பெற்றோரிடம் தனியாக, மெதுவாகச் சொல்லுங்கள். இருந்த சொற்கள் குறைந்தாலோ போய்விட்டாலோ கிழமைக் கணக்கும் பார்க்க வேண்டாம். பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டோடு குடும்பநல உத்தியோகத்தரிடமோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கோ போகச் சொல்லுங்கள். நோயின் பெயரை நீங்கள் சொல்ல வேண்டாம். திகதியிட்ட குறிப்புகளைக் கொடுத்துவிடுங்கள். வைத்தியருக்கு அது பெரிய உதவி.

படி 9: அதே பிள்ளை, இன்னொரு நாள்

ஒரு குறிப்பு ஒரு காலையை மட்டுந்தான் காட்டும். அதே பிள்ளையிடம் மாதத்துக்கு இரண்டு முறையாவது திரும்பி வாருங்கள். மணல் மூலை போட்ட பத்தாம் நாள், அந்தப் பையனைப் பற்றிய குறிப்பு இது:

9.41. மணல் அள்ளிப் பொத்துகிறான். கையை உயர்த்துகிறான். விரிக்கவில்லை. தலையைத் திருப்பிப் பின்னால் பார்க்கிறான். சின்னப் பிள்ளை ஒன்று வண்டில் உருட்டிக்கொண்டு வருகிறது. "நில்லுங்கோ, இது காத்துப் பக்கம்." பிள்ளை போகும்வரை கையை மேலேயே வைத்திருக்கிறான். போன பிறகு விரிக்கிறான்.